பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு



ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்ஹு தொழுகை முடிந்ததும் நாங்கள் நடக்கப் புறப்படுகிறோம். நாங்கள் என்றால், உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் மக்தப் மதரஸாவில் ஓதும் எட்டு ஒன்பது சிறுவர்களும், அவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தும். இந்த நடை முதலில் மருந்தாகத்தான் தொடங்கியது. நாற்பதைக் கடந்த உடம்பில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் கூடவே வந்தார்கள். மறுவாரம் நான்கு பேர். பிறகு அது கிதாபு இல்லாத ஒரு வகுப்பாகவே மாறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த வகுப்பில் பிள்ளைகள் கற்றதைவிட நாங்கள் கற்றது அதிகம். கற்றது சற்றுக் கசப்பானதும்கூட. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கிய பிறகே இதை எழுதுகிறோம்.

பள்ளிவாசலில் இருந்து கிழக்கே தெரு முடிந்தவுடன் வயல்வெளி தொடங்கிவிடும். மார்கழியில் பனி இறங்கியிருக்கும். முன்னே போகும் பிள்ளையின் தொப்பி மட்டும் வெள்ளையாகத் தெரியும். சம்பா அறுவடைக்கு நிற்கும் வயலுக்குப் பக்கத்திலேயே நவரைப் பட்டத்துக்கு நாற்றங்கால் விட்டிருப்பார்கள். சித்திரை பிறந்தால் சொர்ணவாரி. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். வரப்பு முடியும் இடத்தில் வாய்க்கால். வாய்க்காலைத் தொடர்ந்தால் மதகு. மதகின் மேல் ஏறினால் ஏரிக்கரை. கரையில் வரிசையாகப் பனைமரங்கள். அங்கே சற்று நிற்போம். சூரியன் ஏரிக்குள்ளிருந்து எழுவது போலத் தோன்றும் நேரம் அது. “சுப்ஹானல்லாஹ்” என்று சொல்லச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தாமாகவே சொல்லிவிடுவார்கள்.

மழைக்குப் பிந்திய மாதங்களில் ஏரியில் பறவைகள் நிறையும். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் என்று பிள்ளைகள் அடையாளம் கண்டு சொல்லப் பழகிவிட்டார்கள். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் எங்களுக்குத் தொலைவில் இல்லை. வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே, பறவைகளைச் சுடக் கூடாது என்று அன்றைய கலெக்டரிடம் முறையிட்டு ஆணை பெற்றவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தார்கள். வந்து போகும் உயிருக்கும் ஊரில் ஓர் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதால், அவர்கள் வயலும் பலன் பெற்றது.

நடைக்குப் போகும்போது ஒரு பிள்ளையின் கையில் கோணிப்பை இருக்கும். வழியில் கிடக்கும் முள், கண்ணாடிச் சில்லு, ஏரிக்கரையில் யாரோ குடித்துவிட்டு உடைத்த புட்டி, எல்லாம் அதற்குள் போகும். இதற்கு நாங்கள் சூட்டிய பெயர் ‘ஈமானின் கடைசிக் கிளை’. ஈமானுக்கு எழுபதுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டு, அவற்றுள் உயர்ந்தது கலிமா, எளியது பாதையில் இருந்து தொல்லை தருவதை அகற்றுவது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை (நூல்: முஸ்லிம்) நாம் அனைவரும் அறிவோம். பாதையில் கிடந்த முட்கிளையை ஒதுக்கிப் போட்ட ஒருவரை அல்லாஹ் அதற்காகவே மன்னித்தான் என்ற செய்தியையும் (நூல்கள்: புகாரி, முஸ்லிம்) சிறு வயதிலேயே கேட்டிருப்போம். அதைக் கேட்ட நாளில் இருந்து முள் பொறுக்குவதில் பிள்ளைகளுக்குள் போட்டி.

நடந்துகொண்டே பாதையைப் பற்றிய ஒவ்வொரு ஹதீஸாகச் சொல்லிவருவோம். தெருவோரங்களில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தவிர்க்கச் சொன்னதையும், வேறு வழியில்லை என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்கு அதன் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் பதிலளித்ததையும் ஒரு வாரம் பேசினோம். பார்வையைத் தாழ்த்துவது, யாருக்கும் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவையே அந்த ஹக்கு. பயணத்தில் இரவு தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள், இரவில் அது மற்ற உயிர்கள் நடமாடும் வழி என்ற அறிவுரையை (நூல்: முஸ்லிம்) இன்னொரு வாரம் பேசினோம். “அப்போ பாம்புக்கும் ரோட்டுல பங்கு இருக்கா ஹஜ்ரத்?” என்று ஒரு பிள்ளை கேட்டான். இருக்கிறது என்றோம். மனிதர் உறங்கும் நேரத்தில் அதன் முறை.

நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்கு நடந்தும் வாகனத்திலும் சென்றுவந்ததையும், பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியில் போய் மறுவழியில் திரும்பியதையும் (நூல்: புகாரி) அறிந்த பிள்ளைகள், நாமும் வேறு வழியாகத் திரும்பலாம் என்று கேட்பார்கள். அப்படித்தான் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஒற்றையடிப் பாதை, வண்டிப்பாதை, களத்துமேட்டு வழி, கபரஸ்தானுக்குப் போகும் வழி எல்லாவற்றையும் நடந்து தீர்த்தோம்.

இதற்கிடையே ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை உத்திரமேரூருக்கே அழைத்துச் சென்றோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தார்கள், கண்ணால் பார்த்ததில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். மறை கற்றிருக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் இடம் தந்த முறை அன்று அது. பிராமணர் சபைக்கான விதிகள் அவை. எனினும் அதில் எங்களைத் தொட்ட செய்திகள் மூன்று.

முதலாவது, ஏரிக்கென்று 6 பேர் கொண்ட தனி வாரியம் இருந்தது. பல்லவர் காலத்து வைரமேக தடாகம் இன்றும் உத்திரமேரூரில் நீர் தாங்கி நிற்கிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைத்தார்கள். பொதுவானதைக் காக்க ஆள் வைக்காவிட்டால் அது நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, யாரெல்லாம் வாரியத்தில் இருக்கக் கூடாது என்ற பட்டியல். பிறர் பொருளை அபகரித்தவருக்கு இடமில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய மகன், தந்தை, உடன்பிறந்தார் முதலிய உறவினருக்கும் இடமில்லை. “அப்பா கணக்குக் காட்டலேன்னா பிள்ளை என்ன செய்வான்?” என்று ஒருவன் கேட்டான். அந்த நேரத்தில் ஏதோ பொதுவாகச் சொல்லிச் சமாளித்தோம்.

மூன்றாவது, குடத்தில் இருந்து ஓலையை எடுப்பது யார் என்பது. பெரியவர்கள் அல்ல, வேற்றுமை அறியாத ஒரு சிறுவனை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். யார் எவர் என்று அறியாத கை என்பதால் அந்தக் கையில் பாரபட்சம் இராது. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. திரும்பும் பேருந்தில் தொப்பியைக் குடமாக்கிச் சீட்டு எடுத்து விளையாடிக்கொண்டே வந்தார்கள்.

எங்களிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் இப்போது இங்கிலாந்தில் வேலை செய்கிறார். அந்நாட்டின் வடமேற்கிலும் ஏரி மாவட்டம் என்று ஒரு பகுதி உண்டு. அதன் அருகே சிற்றூர் ஒன்றில் தங்கியிருக்கிறார். எங்கள் நடையின் படங்களைப் பார்த்துவிட்டு, அங்குள்ள கிராமப் பாதைகளைப் பற்றிக் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். பிறருக்குச் சொந்தமான வயலின் நடுவே பொதுப்பாதை போகுமாம். பாதையின் தலைப்பில் மரப்பலகை நட்டிருக்குமாம். வயலுக்கு உடையவர் வேலி போடலாம்; ஆனால் நடப்பவர் கடக்கப் படியோ கதவோ அந்த வேலியில் இருக்கும். நடப்பவரும் தம் கடமையை அறிவார். கதவைத் திறந்தால் ஆடுகள் வெளியேறாதபடி மூடிவிட்டே போவார்.

அதன் சட்டத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இத்தகைய பொதுவழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. 1949இல் இயற்றிய சட்டத்தின்படி, ஒவ்வொரு வட்டாரமும் தன் பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிவுசெய்யக் கடமைப்பட்டது. வயலின் குறுக்கே செல்லும் நடைபாதையை உழவர் உழலாம். ஆனால் பொதுவாக 14 நாட்களுக்குள், குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு நடக்கத்தக்க வழியாக அதைத் திருப்பித் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இதெல்லாம் தானாகக் கிடைக்கவில்லை. 1932இல் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தில் நடக்கும் உரிமை கேட்டு, தடையை மீறி ஏறிய தொழிலாளிகளில் சிலர் சிறைக்கும் போனார்கள்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, நம் மார்க்கத்தில் பாதைக்கு அளவு உண்டா என்று கேட்டார்கள். உண்டு. பாதையின் அகலம் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தால் அதை ஏழு முழமாக வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் (நூல்கள்: புகாரி, முஸ்லிம்). சுமை ஏற்றிய இரண்டு விலங்குகள் எதிரெதிரே வந்தாலும் இடர்ப்படாமல் போகத்தக்க அகலம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 10 அடி. பொதுவழியில் போகிறவர்களுக்கு இடையூறு தரும் எதையும் எழுப்பக் கூடாது என்பதைக் ஃபிக்ஹு நூல்களும் விரிவாகப் பேசுகின்றன.

ஏழு முழம் என்றதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒருவன் வீட்டில் இருந்து கயிறு கொண்டுவந்தான். ஹஜ்ரத்தின் முழங்கையை வைத்து அளந்து முழத்துக்கு ஒரு முடிச்சாக ஏழு முடிச்சுகள் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கயிறும் எங்களோடு நடந்தது. பள்ளிவாசல் தெரு ஏழு முழத்துக்கு மேல் இருந்தது. ஏரிக்கரை ஆறு முழம். களத்துமேட்டு வழி ஏழு முழம் சரியாக இருந்ததைக் கண்டு கைதட்டினார்கள்.

கபரஸ்தானுக்குப் போகும் வண்டிப்பாதையில் திரும்பினோம். ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்த வேலி. வேலியின் மேல் வேலிகாத்தான் படர்ந்து பாதைக்குள் சரிந்திருந்தது. இரண்டு பிள்ளைகள் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்து இழுத்தார்கள். கயிறு தொய்ந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் முடிச்சுகளை எண்ணினான்.

“ஹஜ்ரத், இங்க நாலரை முழந்தான் வருது. மிச்சத்தை யாரு எடுத்துக்கிட்டாங்க?”

பெரிய பையன் அவன் தோளில் இடித்தான். “டேய், சும்மா இரு. இது ஹஜ்ரத் வீட்டு நிலம்.”

சிறுவனின் முகம் வாடிப்போயிற்று. கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். எங்களுக்கோ நா எழவில்லை. “சரியாத்தான் கேட்டே” என்று மட்டும் சொல்லி அவன் தலையைத் தடவிவிட்டு நடந்தோம். அன்று கோணிப்பையில் முள் நிறைய இருந்தது. அதைச் சுமந்து வந்தவன் எதிரே எங்களால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அந்த நிலம் எங்கள் அத்தா விட்டுச்சென்ற நாற்பது சென்ட். வேலி அவர் போட்டது; இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வேர்க்கடலையை ஆடுகள் மேய்ந்துவிட்ட ஒரு வருடத்தில் கோபத்தோடு போட்ட வேலி என்பது நினைவிருக்கிறது. அதற்கு முன் அந்த வழியில் மாட்டுவண்டி போனதும் நினைவிருக்கிறது. வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு போன பிள்ளைகளில் நாங்களும் இருந்தோம். ஆனால் நிலத்துக்குப் போகும்போதும் வரும்போதும் இத்தனை ஆண்டுகளாக அந்தப் பாதையை நாங்கள் கண்டதில்லை. குறுகிய வழி என்றே கண் பழகியிருந்தது.

அன்றிரவு உறக்கம் பிடிக்காமல் கிடந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அத்தாவின் ஜனாஸா அந்த வழியாகத்தான் போயிற்று. அந்த வேலி அருகே வந்தபோது, சந்தூக்கை இருபுறமும் தாங்கியவர்கள் நெருக்கி நடக்க வேண்டியதாயிற்று. வேலிப் பக்கம் இருந்தவரின் சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. ஒரு கணம் சந்தூக் நின்றது. அழுகையின் நடுவே அதைக் கண்டோம், பிறகு மறந்தோம். அத்தா தம் கடைசிப் பயணத்தில் தாம் போட்ட வேலியிலேயே நிற்க நேர்ந்தது என்பதை உணர, ஒரு சிறுவனின் கயிறு தேவைப்பட்டது.

அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்ற எச்சரிக்கையை (நூல்கள்: புகாரி, முஸ்லிம்) ஆண்டுதோறும் ஓதிக்கொடுத்துவருகிறோம். சாண் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளின் கையை விரித்துக் காட்டியும் இருக்கிறோம்.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலரிடம் விண்ணப்பித்துப் புலப்பட நகலைப் பெற்றோம். சில வாரங்களில் நில அளவர் வந்து அளந்தார். வேலிகாத்தானை வெட்டி ஒதுக்கியபோது பழைய சர்வே கல் ஒன்று, வேலிக்கு உள்ளே, மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. ஏட்டின்படி வண்டிப்பாதை 10 அடி. வேலிக்கும் வாய்க்காலுக்கும் இடையே எஞ்சியிருந்தது 7 அடி. 3 அடி அகலம், 180 அடி நீளம். ஆக 540 சதுர அடி, ஏறத்தாழ ஒன்றேகால் சென்ட். பொதுச்சாலை, தெரு, பாதை யாவும் அரசின் உடைமை என்று 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் நம் மாநிலத்தில் சொல்கிறது. ஏட்டில் ‘புறம்போக்கு’ என்று எழுதியிருப்பதை யாருக்கும் சொந்தமில்லாதது என்று நாம் படித்துப் பழகிவிட்டோம். எல்லோருக்கும் சொந்தமானது என்பதே அதன் பொருள்.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பியிடம் பேசினோம். அவருடைய பங்கும் அந்த நிலத்தில் இருக்கிறது.

“அண்ணே, இந்த ஊர்ல யார் எடுக்கல? ஆளுக்கு ரெண்டடி மூணடி எடுத்துத்தான் வெச்சிருக்காங்க. நாம மட்டும் வேலியைப் பிடுங்கினா ஊர் என்ன பேசும்? அத்தா திருடிட்டார்னு பேசும். மௌத்தானவரை ஏன் சந்தியில நிறுத்தணும்?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மரணித்தவர்களின் குறையைப் பேசாதிருப்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பு. அத்தா தொழுகையாளி, கடனுக்கு அஞ்சியவர், பள்ளிவாசல் கிணற்றைத் தூர்வாரும்போது தாமே இறங்கியவர். அவர் அறிந்தே செய்தார் என்று சொல்ல எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. கல் அப்போதே புதைந்திருக்கலாம். இதையெல்லாம் அம்மாவின் முன்னிலையில்தான் பேசிக்கொண்டிருந்தோம். தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த அம்மா மணிகளை நிறுத்தினார்கள்.

“உங்க அத்தா வேணும்னு செஞ்சிருக்க மாட்டார். அல்லாஹ் அறிவான். ஆனா தெரிஞ்சதுக்கு அப்புறமும் விட்டு வெச்சீங்கன்னா, அது அவர் செஞ்சது இல்ல, நீங்க செஞ்சது.”

தம்பி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “கம்பிச் செலவுல பாதி நான் தர்றேன்” என்றார். உத்திரமேரூரில் எங்கள் பிள்ளை கேட்ட கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. தந்தை காட்டாத கணக்கைப் பிள்ளை காட்டலாம். இறந்தவருக்காகத் துஆ கேட்கும் நல்ல பிள்ளை என்று ஹதீஸ் சொல்வதில், அவர் விட்டுச்சென்ற ஹக்கைத் தீர்க்கும் பிள்ளையும் அடங்குவார் என்று நம்புகிறோம்.

வேலியை நகர்த்த இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் வேலை இருந்தது. கல்தூண்களில் மூன்று உடைந்துபோயின. ஒரு சிக்கலும் வந்தது. அத்தா நட்ட வேப்பமரம் ஒன்று அந்த 3 அடிக்குள் நின்றது. வெட்டிவிடலாம் என்றார் வேலையாள். மரத்தைச் சுற்றி அளந்து பார்த்தோம், மரம் பழைய வேலியின் ஓரமாக இல்லை, உள்பக்கமாக, புதிய வேலியை ஒட்டியே இருந்தது, வண்டிக்கு இடையூறில்லை. ஊராட்சியில் கேட்டுக்கொண்டு விட்டுவைத்தோம். நேற்றுவரை எங்கள் வேலிக்குள் நின்ற மரம் இப்போது வழிப்போக்கர்களின் மரம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் இருந்து மனிதரோ பறவையோ விலங்கோ பெறும் பலன் அவருக்கு ஸதக்கா ஆகும் (நூல்கள்: புகாரி, முஸ்லிம்). அத்தாவின் கணக்கில் கழிக்க வேண்டியதைக் கழித்த அதே நாளில், கூட்டுவதற்கும் ஒன்றை அல்லாஹ் வைத்திருந்தான்.

எங்கள் நிலத்துக்கு அப்பால் முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் உண்டு. நம் சமூகத்தவர் அல்லர். அறுவடை இயந்திரம் அந்த வழியில் நுழைய முடியாததால், இத்தனை ஆண்டுகளாக ஆள் வைத்து அறுத்து, கட்டுக்கட்டாகத் தலைச்சுமையாகவே களத்துக்குக் கொண்டுவந்தவர். அவரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

“அட விடுங்க பாய். இத்தனை வருஷம் போயாச்சு” என்றார்.

“நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே” என்றோம்.

“உங்க அத்தா நல்ல மனுஷன். எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு முன்னாடி நிப்பார். அவரைப் போய் மூணடிக்காக எப்படிக் கேக்கறது? மனசு வரல.”

இந்தப் பதில் எங்களை மேலும் தலைகுனிய வைத்தது. நல்லவர் என்ற பெயரே எதிரில் இருப்பவரின் வாயை அடைத்துவிடும் என்பதை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. தாடியும் தொப்பியும் ஹஜ்ரத் என்ற அழைப்பும் உள்ளவர்களிடம் ஊர் மக்கள் எத்தனை விஷயங்களைக் கேட்காமல் விழுங்கியிருப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான். “இழப்புக்கு ஏதாவது தர அனுமதியுங்கள்” என்றபோது அவர் மறுத்துவிட்டார். அந்தப் பட்டத்தில் அவருடைய நெல் மூட்டைகள் எங்கள் செலவில் வண்டியேறின; அதற்கு மட்டும் சம்மதித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கயிறு மீண்டும் வந்தது. பத்து வயதுப் பையன் தயங்கித் தயங்கி நின்றான். நாங்களே ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை அவனிடம் கொடுத்தோம். கயிறு விறைத்து நின்றபோது ஏழாவது முடிச்சுக்கு நான்கு விரல் குறைந்தது. ஏட்டின் 10 அடிக்கும் ஹஜ்ரத்தின் முழங்கைக்கும் இடையே உள்ள வித்தியாசம் அது. “பரவாயில்ல ஹஜ்ரத், பாஸ்” என்றான். அன்று பிள்ளைகள் ஐந்து பேர் கைகோத்து ஒரே வரிசையில் அந்தப் பாதையில் நடந்தார்கள்.

வாசகச் சகோதரர்களே! தம்பி அஞ்சியது போலவே ஊரில் சிலர் பேசவும் செய்தார்கள். ஆனால் வாய்க்கால் ஓரத்தில் கொட்டகை இறக்கியிருந்த ஒருவர் வந்து புலப்பட நகலுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று விசாரித்தார். அவர் அளந்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. அது அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையில் உள்ளது.

பாதையில் கிடக்கும் முள்ளை எடுப்பது எளிது. அதற்குக் குனிந்தால் போதும். நாம் நட்ட முள்ளை எடுப்பதுதான் கடினம். வீட்டின் முன் தெருவுக்குள் இறங்கிய படிக்கட்டு, நடப்பவருக்கு இடமில்லாமல் நிறுத்திய வாகனம், கடைக்கு வெளியே அடுக்கிய பெட்டிகள், ஜும்ஆவுக்கு விரைந்து வந்து பிறர் வாசலை மறித்துவிட்டுப் போன வண்டி என்று நம் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலி இருக்கக்கூடும். இந்த வாரம் உங்கள் பிள்ளைகளோடு ஊரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். அளக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியை யாரும் அடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. அவர்கள் அறியாமல் விட்டுச்சென்ற ஹக்குகளைத் தீர்க்கும் பிள்ளைகளாக எங்களை ஆக்குவாயாக. எங்கள் பாதத்தால் பூமிக்கும், எங்கள் வேலியால் வழிப்போக்கருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.